உட்துறைமுகப் பக்கத்துப் பழைய கந்தோர் கட்டடத்தின்ட கதையை எப்பிடித் தேடி எடுக்கிறது

பின்னேரம் வெயில் தணிஞ்ச பிறகு திருகோணமலை உட்துறைமுக ரோட்டால நடந்து போனா ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் தடிச்ச சுவரோட பழைய கட்டடங்கள். சிலது இன்னும் கந்தோராத்தான் (ஒஃபிஸாத்தான்) ஓடுது, சிலது கந்தோரா இருந்து கெஸ்ட் ஹவுஸா மாறியிருக்கு, சிலதில ஆலங்கண்டு முளைச்சு சுவரைப் பிளந்துகொண்டு நிக்குது. ஏ.எல் படிக்கிற என்ட மருமகள் அதில ஒண்டைக் காட்டி "மாமா, இது யார் கட்டினது" எண்டு கேட்டாள். ஊர்ல எல்லாரும் சொல்ற மாதிரி "டச்சுக்காரன் கட்டினது" எண்டு சொல்லிட்டன். "எப்பிடித் தெரியும்" எண்டு அவள் திருப்பிக் கேட்டாள், அதுக்கு என்னட்டப் பதில் இல்ல. அதுக்குப் பிறகு ரெண்டு வருஷமா லீவு கிடைக்கிற நேரமெல்லாம் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால திரிஞ்சிருக்கிறன், எங்க போனா என்ன கிடைக்கும், எங்க போனா நேரம்தான் வீண், யாரிட்ட என்ன கேக்க வேணும் எண்டு இப்ப கொஞ்சம் விளங்குது, அதைத்தான் இதில எழுதுறன். உங்கட ஒழுங்கையில, உங்கட கடற்கரையில இப்பிடி ஒரு கட்டடம் இருந்தா இதே வழியில நீங்களும் தேடலாம்.

முதல்ல ஒண்டை மனசில வச்சுக்கொள்ளுங்க. கட்டின வருஷத்தைக் கடைசியாத் தேடுங்க. எல்லாரும் அதைத்தான் முதல்ல தேடுறம், அது கிடைக்காததால மூண்டாம் நாளே விட்டுட்டுப் போறம். கடற்கரையில இருக்கிற கட்டடம் சும்மா இருக்காது, பண்டகசாலையா இருக்கும், பிறகு பட்டாளத்துக்காரன்ட குவார்ட்டர்ஸா இருக்கும், பிறகு கந்தோர், பிறகு வேற என்னமோ. ஒவ்வொரு தரம் கை மாறும்போதும் ஒரு கடுதாசி பிறக்கும், ஒரு கதவு அடைபடும், ஒரு ஜன்னல் திறபடும், ஒரு ஆள் வேலைக்கு வருவார், ஒரு ஆள் வேலை இழப்பார். அந்தக் கை மாறின வருஷங்களைப் பிடிச்சுக்கொண்டு பின்னால பின்னால போனா கட்டின வருஷம் தானா வந்து நிக்கும், வராட்டியும் உங்கட கையில ஒரு முழுக் கதை இருக்கும்.

திருகோணமலையில இது இன்னும் முக்கியம், ஏனெண்டா இங்க கொடி மாறினது கொஞ்சநஞ்சமில்ல. 1624ல போர்த்துக்கீசர் கோட்டை, 1639ல டச்சுக்காரர் பிடிச்சது, 1782 ஜனவரியில இங்கிலீஷ்காரர் பிடிக்க அதே வருஷம் ஓகஸ்ட்ல பிரெஞ்சுக்காரர் சஃப்ரன் எண்ட அட்மிரலோட வந்து பிடிச்சது, பிறகு சமாதானம் பேசித் திரும்ப டச்சுக்காரரிட்ட, 1795ல மறுபடி இங்கிலீஷ்காரர். டொக்யார்டும் கடற்படைத் தளமும் எங்கட நாட்டுக்குக் கையளிச்சது 1957 ஒக்டோபர் 15. ஒரு வருஷத்துக்குள்ள மூண்டு கொடி பறந்த ஊர்ல "டச்சுக்காரன் கட்டினது" எண்டு ஒரே வார்த்தையில முடிக்கிறது எப்பிடிச் சரியாகும்? இந்த வருஷங்களை ஒரு கொப்பியின்ட முதல் பக்கத்தில எழுதி வையுங்க, பிறகு கிடைக்கிற ஒவ்வொரு தகவலையும் இதில எந்த இடத்தில வருது எண்டு பாத்துக் கொழுவுங்க.

ஊர்ல கையால தொட்டுப் பாக்கக்கூடிய நல்ல உதாரணம் இப்ப கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று நூதனசாலையா இருக்கிற கட்டடம். டச்சுக் கால மாடிக் கட்டடம், கனகாலம் சிதைஞ்சு கிடந்தது, திருத்தி 2013ல நூதனசாலையாத் திறந்தாங்க. அதைச் சொல்ற பேர் "டச்சு நேவல் கொமிஷனர் வீடு". அந்தப் பேரையே கொஞ்சம் நிண்டு பாருங்க. டொக்யார்டுக்குப் பொறுப்பா கொமிஷனர் எண்டு ஒரு பதவி பிரிட்டிஷ் கடற்படையில இருந்தது, நேவி போர்ட் எண்ட சபையை 1832ல கலைக்கும் வரைக்கும். அப்ப அந்த ஒரு பேருக்குள்ளயே டச்சு எண்டு ஒரு அடுக்கும் கொமிஷனர் எண்டு இன்னொரு அடுக்கும் இருக்கு, வெங்காயம் மாதிரி. பேரை அப்பிடியே கொப்பி பண்ணாம உரிச்சுப் பாத்தா அடுத்து எந்த ஃபைலைத் திறக்கணும் எண்டு அதுவே சொல்லும். ஒருக்கா உள்ள போய்ப் பாருங்க, சாமான்களை மட்டுமில்ல, சுவரின்ட தடிப்பையும் தூண்களையும் தளத்தையும் பாருங்க, பிறகு நீங்க தேடுற கட்டடத்தோட ஒப்பிட அது ஒரு அளவுகோலா இருக்கும்.

சொல்லைப் பிடிச்சுத் தேடுறது எனக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்ச வேலை, அதால இதைக் கொஞ்சம் கூட எழுதுறன். நாங்க தினமும் சொல்ற "கந்தோர்" டச்சுச் சொல், அவையள்ட மொழியில ஒஃபிஸுக்கு அதுதான் பேர். "கச்சேரி" (அரசாங்க அதிபரின்ட கந்தோர்) இந்துஸ்தானி, 1795ல இங்க வந்த இங்கிலீஷ்காரர் மெட்ராஸில இருந்து வந்தவங்க, முதல் கொஞ்ச வருஷம் ஆட்சியும் மெட்ராஸில இருந்துதான் நடந்தது, அங்கத்தைய நிர்வாகச் சொல்லும் அவையளோட வந்து இறங்கிட்டு. காணி விஷயத்தில வயசானவங்க "தோம்பு பாத்தியா" எண்டு கேப்பினம், அது போர்த்துக்கீசச் சொல், டச்சுக்காரரும் அதே பேரில காணிப் பதிவை நடத்தினாங்க. விறாந்தை, அலுமாரி ரெண்டும் போர்த்துக்கீசம். அதால வயசு போனவங்க உங்கட கட்டடத்தை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க எண்டு கவனமாக் கேளுங்க. "பழைய கந்தோர்" எண்டாங்களா, "கிட்டங்கி" எண்டாங்களா, "கச்சேரிக் குவார்ட்டர்ஸ்" எண்டாங்களா? கிட்டங்கி எண்டா சாமான் அடுக்கின இடம், அப்ப அங்க பெரிய கதவும் தண்ணிப் பக்கம் இறங்குற படியும் இருந்திருக்க வேணும், போய்ப் பாத்து அது இருக்கா எண்டு தேடலாம். சொல்லும் சுவரும் ஒத்துப்போனா நம்பலாம், ஒத்துப்போகாட்டி ரெண்டில ஒண்டு பிறகு வந்தது.

இனி கட்டடத்துக்கே போவம். ரோட்டுப் பக்கத்தால போகாதீங்க, முதல்ல தண்ணிப் பக்கத்தில நிண்டு பாருங்க. தெரிஞ்ச மீன்பிடிக்கார அண்ணாமார் இருந்தா போட்ல கொஞ்சத் தூரம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்க. இது ஏன் எண்டா, ரோட் நல்லா வர முதல் எல்லாச் சாமானும் எல்லா மனிசரும் கடலால வந்தவங்க, கட்டினவன் முகத்தைக் கடலுக்குத்தான் வச்சான். இப்ப நாங்க முன்பக்கம் எண்டு நினைச்சுப் போட்டோ எடுக்கிறது பின்பக்கமா இருக்கும், குசினியும் கக்கூசும் இருந்த பக்கமாக்கூட இருக்கும். நான் முதல் ஆறு மாசம் ரோட்டுப் பக்கப் போட்டோவை வச்சு மண்டையை உடைச்சன், ஒருநாள் தண்ணியில இருந்து பாத்தாப்பிறகுதான் நடு வாசல், ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஜன்னல், நடுவில அடைச்சு வச்ச ஒரு பெரிய வளைவு எல்லாம் தெரிஞ்சது.

ஆனா ஒண்டு, டொக்யார்ட் பக்கமும் கோட்டைப் பக்கமும் கடற்படை, ராணுவம் இருக்கிற இடங்கள். கேட்டுட்டுத்தான் போட்டோ எடுக்க வேணும், போட்ல போறதெண்டாலும் எது வரைக்கும் போகலாம் எண்டு தெரிஞ்சவங்களோடதான் போக வேணும். ட்ரோன் பறக்க விடுற எண்ணமே வேண்டாம். கடிதம் எழுதி, என்னத்துக்கு எண்டு விளக்கி, அடையாள அட்டைக் கொப்பி வச்சுக் கேளுங்க. எனக்கு ஒரு இடத்தில ரெண்டு தரம் இல்லை எண்டு சொல்லி மூண்டாந்தரம் ஒரு அதிகாரி தானே கூட வந்து காட்டினார்.

சுவரில என்ன பாக்கிறது? சாந்து முதல். பழைய சுவர் எண்டா சுண்ணாம்புச் சாந்து, முருகைக்கல்லும் செங்கல்லும் கருங்கல்லும் கலந்து கிடக்கும், நகத்தால சுரண்டினா மா மாதிரி உதிரும். சாம்பல் நிறத்தில இறுகிக் கிடந்தா சீமெந்து, போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில காப்புரிமை எடுத்ததே 1824ல, அப்ப அந்தப் பூச்சு டச்சுக்காரன்ட கையால வந்திருக்க ஏலாது. பிறகு ஓடு. அரைவட்ட நாட்டு ஓடு ஒரு கதை, தட்டை ஓட்டில கம்பனிப் பேர் குத்தியிருந்தா வேற கதை. அந்தத் தட்டை ஓட்டை மங்களூர்ல பாசல் மிஷன்காரர் 1865ல தொழிற்சாலை வச்சு அடிக்கத் தொடங்கினவங்க, அதுக்கு முன்னால அந்தக் கூரை இல்ல. விழுந்து கிடக்கிற ஓடு ஒண்டைத் திருப்பிப் பாத்தா எழுத்து இருக்கும், போட்டோ எடுத்து வையுங்க. இரும்பு உத்தரம் இருந்தா பக்கவாட்டில உருக்கு ஆலையின்ட பேர் புடைப்பா நிக்கும், டோர்மன் லாங் எண்டு இருந்தா அந்தக் கம்பனி தொடங்கினது 1875ல. ஒரு உத்தரத்தை வச்சு முழுக் கட்டடத்துக்கும் வயசு சொல்லாதீங்க, அந்தத் தட்டு எப்ப போட்டது எண்டு மட்டும்தான் அது சொல்லும்.

எல்லைக் கல்லையும் விடாதீங்க. காணியின்ட மூலையில புல்லை விலக்கிப் பாத்தா சிலவேளை கோழிக்கால் மாதிரி மூண்டு கோடு வெட்டின கல்லு இருக்கும், மேல பாத்த அம்புக்குறி. அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்குப் போடுற அடையாளம், பக்கத்தில இருக்கிற எழுத்து யுத்தத் திணைக்களமா அட்மிரல்டியா எண்டு சொல்லும். இது தெரிஞ்சா லண்டன் சுவடியகத்து ஃபைல்ல எந்தக் கட்டைத் தேடுறது எண்டு தெரிஞ்சிரும், ராணுவத்தின்ட கடுதாசி வேற, கடற்படையின்ட கடுதாசி வேற.

கல்லுக்கு முந்தின ஒரு வாழ்க்கை இருந்திருக்கலாம் எண்டதையும் மறக்காதீங்க. கோட்டை வாசல் தூணில இணைக்கயலும் (சோடி மீன் சின்னம்), குளக்கோட்டன் எண்ட பழைய ராசாவின்ட பேர் வாற தமிழ்ச் சாசனத் துண்டும் இருக்கிறது எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும், கோணேசர் கோயிலை இடிச்ச கல்லுதான் கோட்டைச் சுவருக்குள்ள போனது. நான் ஒவ்வொரு தரம் அந்த வாசலால போகேக்கையும் தொட்டுட்டுத்தான் போவன். அப்பிடிப் பழைய கல்லைத் திருப்பிப் பாவிக்கிறது வழமையா இருந்த ஊர், அதால சுவரில ஒரு பழைய கல்லைக் கண்டா கட்டடமே அவ்வளவு பழசு எண்டு துள்ளக்கூடாது.

சரி, இப்ப ஆக்கள். ஃபைல் பத்து வருஷத்துக்குப் பிறகும் இருக்கும், எண்பத்தைஞ்சு வயசு ஐயா இருக்க மாட்டார், அதால ஆக்களிட்டத்தான் முதல் போக வேணும். இதில நான் பிந்தினது எனக்கு இண்டைக்கும் வலி. அந்தக் கட்டடத்தில பியோனா வேலை செய்த ஒருத்தரைப் பற்றிக் கேள்விப்பட்டு, "அடுத்த கிழமை போவம், அடுத்த கிழமை போவம்" எண்டு இழுத்து, கடைசியா நான் போன நாள் அவரின்ட முப்பத்தோராம் நாள் வீடு. அவரின்ட மகள் தேத்தண்ணி தந்து "அப்பா உங்களோட நல்லாக் கதைச்சிருப்பார் தம்பி" எண்டு சொன்னா. அதுக்குப் பிறகு நான் ஒருநாளும் பிந்தேல்ல.

கேக்கிற விதம் இருக்கு. "ஐயா, எந்த வருஷம்" எண்டு கேட்டா ஒருத்தருக்கும் நினைவு வராது, வருஷத்தால வாழ்ந்தவங்க இல்ல அவங்க. நடந்த விஷயத்தை வச்சுக் கேளுங்க. ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு முந்தியா பிந்தியா? (அது 1942 ஏப்ரல் 9, கொழும்பில உயிர்த்த ஞாயிறண்டு போட்டுட்டு இங்க அடுத்த வியாழன்.) வெள்ளைக்காரன் டொக்யார்டை விட்டுட்டுப் போகேக்க நீங்க எத்தினையாம் வகுப்பு? 64 டிசம்பர்ச் சூறாவளிக்கு அந்தக் கூரை இருந்ததா பறந்ததா? 83க்கு முந்தியா? இந்தியன் ஆமி நிண்ட காலமா? சுனாமித் தண்ணி அந்தப் படியில எத்தினையாம் படி வரைக்கும் வந்தது? கிண்ணியாப் பாலம் 2009ல திறக்க முதல் மூதூர் லோஞ்சிக்குப் போகேக்க அந்தக் கட்டடத்தில என்ன போர்ட் தொங்கினது? இப்பிடிக் கேட்டா கண்ணை மூடி "ஓ, அப்ப பச்சைக் கதவு" எண்டு தொடங்குவினம், பிறகு நீங்க நிப்பாட்டினாலும் நிக்காது.

தமிழ் ஆக்களிட்ட மட்டும் கேட்டுட்டு வராதீங்க. லோஞ்சி ஓட்டின மூதூர், கிண்ணியா முஸ்லிம் காக்காமாரிட்ட கேளுங்க, அவங்க அந்தக் கரையைத் தண்ணிப் பக்கத்தால பாத்து வளந்தவங்க. கடற்கரைச் சிங்களக் குடும்பங்களிட்ட கேளுங்க, சிங்களம் வராட்டி வாற ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்க. ஒரே கட்டடத்துக்கு மூண்டு மொழியில மூண்டு பேர் இருக்கும், அந்த மூண்டும் மூண்டு காலத்தைக் காட்டும். கணக்கெழுதின கிளாக்கரை மட்டும் தேடாம கூட்டித் துடைச்ச அம்மாவையும் வாட்ச்சரையும் தேடுங்க, எந்த அறை எப்ப பூட்டினது எண்டு தெரிஞ்சது அவங்களுக்குத்தான்.

சொன்னதெல்லாத்தையும் அப்பிடியே எழுதுங்க, ஆனா ஒத்துப் பாருங்க. ஒரு ஐயா எனக்குச் சொன்னார், ஜப்பான்காரன் குண்டு போட்டுத்தான் துறைமுகத்தில மிதக்கும் டொக் தாண்டது எண்டு. பேப்பரைப் பாத்தா அது 1944 ஓகஸ்ட் 8, வேலியன்ட் எண்ட பெரிய போர்க்கப்பலைத் தூக்கி வச்சிருக்கேக்க டொக் உடைஞ்சு தாண்டது, எதிரி ஒருத்தனும் வரேல்ல. ஐயா பொய் சொல்லேல்ல, சின்னப் பிள்ளையா ரெண்டு பயத்தைப் பாத்தவர், மனசு ரெண்டையும் ஒண்டாக் கட்டிட்டு. ரெண்டையும் எழுதுங்க, எது நினைவு எது கடுதாசி எண்டு தெரியிற மாதிரி எழுதுங்க.

யுத்த காலத்தைப் பற்றிக் கேக்கேக்க மெதுவாக் கேளுங்க. இந்தக் கடற்கரைக் கட்டடங்களில சிலது கந்தோர், சிலது காம்ப், சிலது அகதியா வந்தவங்க படுத்த இடம். ஒரு அம்மா ஒரு ஜன்னலைப் பாத்திட்டு ஒண்டும் கதைக்காம இருந்தா. நான் கொப்பியை மூடி வச்சிட்டன். அதை எழுதுறதா இல்லையா எண்டதை அவங்கதான் சொல்ல வேணும், அதுக்காக ஆரையும் நெருக்காதீங்க, பேரையும் போடாதீங்க.

கடுதாசிக்கு வருவம். ஊருக்குள்ளயே கனக்க இருக்கு. உள்ளூராட்சிச் சபையில சோலைவரிப் (வீடு, கட்டடத்துக்குக் கட்டுற வரி) பதிவேடு இருக்கும், அதில வரி இலக்கம், சொந்தக்காரர், என்னத்துக்குப் பாவிக்கிறது எண்டு வரும், பழைய கொப்பியைக் கேளுங்க. காணிப் பதிவகத்தில தேட வேணுமெண்டா காணியின்ட பேர், நாலு எல்லை, கடைசி உறுதி இலக்கம் இல்லாட்டி நில அளவைப் பிளான் இலக்கம் தெரிஞ்சிருக்க வேணும், சும்மா "அந்த மஞ்சள் கட்டடம்" எண்டு போனா ஒண்டும் நடக்காது. ஒரு பக்கத்தைப் பிடிச்சிட்டீங்க எண்டா அது எந்தப் பழைய பக்கத்தில இருந்து கொண்டுவந்தது எண்டு அதிலயே எழுதியிருக்கும், சங்கிலி மாதிரிப் பின்னால இழுத்துக்கொண்டு போகலாம். இங்க காணி கை மாறுறதுக்கு நொத்தாரிசு உறுதி வேணும் எண்ட சட்டம் 1840ம் ஆண்டு 7ம் இலக்கம், அதால தனியார் காணி எண்டா ஒரு உறுதியாவது எங்கயோ இருக்கும்.

அரசாங்கக் காணி எண்டா இந்தச் சங்கிலி அறுந்து போகும், அங்க நிண்டு மினக்கெடாதீங்க. நில அளவைத் திணைக்களத்துக்குப் போங்க, 1800ல தொடங்கின திணைக்களம், பழைய பிளான்களைப் பிரதி எடுக்கலாம். 1950ம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில எடுத்த காணி எண்டா வர்த்தமானியில வந்திருக்கும். இப்ப அந்தக் கட்டடம் ஒரு திணைக்களத்திட்ட இருந்தா, 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில கேக்கலாம். ஆர்.டி.ஐ 01 எண்ட படிவம், தகவல் அலுவலரிட்டக் குடுத்து, கிடைச்சது எண்டு ஒப்பம் வாங்க வேணும், 14 வேலை நாளுக்குள்ள தருவமா மாட்டமா எண்டு முடிவு சொல்ல வேணும், மறுத்தா குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்குப் பிறகு ஆணைக்குழு. "இந்தக் கட்டடத்தின்ட வரலாறு தாங்க" எண்டு கேக்காதீங்க, அது ஒரு ஃபைல் இல்ல. "இன்ன கட்டடத்தை உங்கட திணைக்களம் பொறுப்பேற்ற கடிதம், திருத்த வேலை மதிப்பீடுகள், கட்டடப் பிளான் இவற்றின்ட பிரதி" எண்டு கேளுங்க. ஒரு கந்தோர்ல என்ட முதல் விண்ணப்பத்தைத் துலைச்சே போட்டாங்க, ஒப்பம் வாங்கி வச்சிருந்ததாலதான் திரும்பக் கேக்க முடிஞ்சது.

கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒருக்காவாவது போங்க, பழைய ரீட் அவெனியூ, இப்ப பிலிப் குணவர்தன மாவத்தையில இருக்கு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனிக் கடுதாசிகள் அங்கதான், முதலாம் தொகுதி எண்டு கேக்க வேணும், உலகத்தில கிடக்கிற அந்தக் கம்பனிச் சுவடிகள் எல்லாத்தையும் சேத்து யுனெஸ்கோ 2003ல உலக நினைவுப் பட்டியல்ல போட்டிருக்கு. பிரிட்டிஷ் காலத்துக்கு உதவி அரசாங்க அதிபரின்ட டயறி, நிர்வாக அறிக்கை, 1802ல இருந்து வாற வர்த்தமானி. ஒரு விஷயம் கவனம், கிழக்கு மாகாணத்துக்கு அரசாங்க அதிபர் பிற்காலத்தில மட்டக்களப்பில இருந்தார், இங்க உதவி அரசாங்க அதிபர்தான், அதால திருகோணமலைக் கதை மட்டக்களப்புக் கட்டுக்குள்ளயும் கிடக்கும். அடையாள அட்டை, கடிதம், பென்சில் கொண்டு போங்க, போறதுக்கு முதல் போன் எடுத்துக் கேளுங்க, ராத்திரி பஸ்ல போய் விடிய வாசல்ல நிண்டிட்டு மூடியிருக்கிறதைப் பாக்கிறது நல்லா இருக்காது.

வெளிநாட்டுச் சுவடிகளுக்கு இப்ப பிளேன் ஏற வேண்டாம். ஹேக்ல இருக்கிற டச்சுத் தேசியச் சுவடியகம் பழைய வரைபடங்களை ஸ்கேன் பண்ணிச் சும்மா விட்டிருக்கு, அட்லஸ் ஒஃப் மியூச்சுவல் ஹெரிட்டேஜ் எண்ட தளத்தில ஊர்ப் பேர் போட்டுத் தேடலாம். லண்டன் கியூவில இருக்கிற தேசியச் சுவடியகத்தில இலங்கைக் கடிதங்கள் சி.ஓ 54 (CO 54) எண்ட வரிசை, கடற்படையின்டது ஏ.டி.எம் (ADM). தேடேக்க பேரில கவனம் வேணும், எங்கட ஊர்ப் பேரை ட்ரிங்கமாலே, ட்ரிங்கோனமாலே, ட்ரிங்கொமலி எண்டு கண்டபடி எழுதி வச்சிருக்கிறாங்க, எல்லா எழுத்துக் கூட்டலையும் போட்டுப் பாக்க வேணும். அதோட திருகோணமலை எண்ட பேரில 1817ல பம்பாயில தேக்கால கட்டின ஒரு போர்க்கப்பல் இருக்கு, இண்டைக்கும் இங்கிலாந்தில ஹார்ட்டில்பூல்ல நிக்குது, தேடினா முதல் நூறு முடிவும் அந்தக் கப்பல்தான் வரும், அதைக் கழிச்சுத் தேடுங்க. இன்னொரு ரகசியம், இரண்டாம் உலக யுத்தத்தில இங்க இருந்த கரைத் தளத்துக்குக் கடற்படை வச்ச பேர் எச்.எம்.எஸ் ஹைஃப்ளையர், சீனக்குடா விமானத் தளத்துக்கு எச்.எம்.எஸ் பம்பாரா. கப்பல் பேர் மாதிரி இருந்தாலும் ரெண்டும் எங்கட மண்தான். இது தெரியாம நான் எத்தினையோ மாசம் வெறுங்கையோட இருந்தன், ஹைஃப்ளையர் எண்டு போட்ட அண்டைக்குத்தான் படங்கள் கொட்டத் தொடங்கினது, அதில ஒரு படத்தில தூரத்தில, கப்பல்களுக்குப் பின்னால, என்ட கட்டடத்தின்ட கூரை. ராத்திரி பன்ரண்டு மணிக்கு மருமகளுக்கு அனுப்பினன்.

தமிழ்ல எழுதினதுகளுக்கு நூலகம் எண்ட இணையத்தளம். வீரகேசரி 1930ல இருந்து வருது, தினகரன் 1932ல இருந்து, பழைய பத்திரிகையில விளம்பரத்தையும் டெண்டர் அறிவித்தலையும் பாருங்க, செய்தியை விட அதிலதான் விலாசம் இருக்கும். பள்ளிக்கூட மலர், கோயில் கும்பாபிஷேக மலர், ஓய்வு பெற்றவங்களுக்கு வெளியிட்ட மலர் இதெல்லாத்தையும் புரட்டுங்க. ஒரு மலரின்ட கடைசிப் பக்க விளம்பரத்தில எனக்கு ஒரு கம்பனியின்ட கந்தோர் விலாசம் கிடைச்சது, அந்தக் கம்பனி அங்க இருந்தது எண்டு ஊர்ல ஒருத்தருக்கும் நினைவில்ல.

சேமக்காலையையும் விடாதீங்க. எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சேமக்காலையில ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்டின்ட கல்லறை இருக்கு, 1852ல பர்மா யுத்தத்தில கப்பல்ல செத்தவர், பெயர்போன ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டின்ட தம்பி. அவருக்காக மட்டும் போகாதீங்க, அவரைச் சுற்றியிருக்கிற சின்னக் கல்லுகளைப் பாருங்க, ஸ்டோர்கீப்பர், கிளாக்கர், மாஸ்டர் அட்டென்டன்ட் எண்டு என்ன வேலை செய்தவர் எண்டு வெட்டியிருப்பாங்க. உங்கட கட்டடத்துக்குள்ள மேசை போட்டு இருந்த ஆள் அதில ஒருத்தரா இருக்கலாம். எழுத்து மங்கியிருந்தா சுண்ணாம்பு பூசாதீங்க, கீறாதீங்க, காலமையோ பின்னேரமோ சாய்ஞ்ச வெயில்ல போட்டோ எடுத்தா நிழல்ல எழுத்து தானா எழும்பும்.

இதெல்லாம் சேந்தாப்பிறகு எழுதத் தொடங்குங்க. ஒரு நீளக் கடுதாசியில இடது பக்கம் வருஷம், நடுவில ஆரிட்ட இருந்தது, வலது பக்கம் எப்பிடித் தெரியும். மூண்டாவது வரிசை வெறுமையா இருந்தா அந்த வரியைக் கட்டுரையில போடாதீங்க, எவ்வளவு ஆசையா இருந்தாலும். என்ட கட்டடத்தின்ட முகப்பில பெரிசா ஒரு வருஷம் எழுதியிருந்தது, நான் அதை நம்பிக் கன பேருக்குச் சொல்லியும் போட்டன், பிறகு திருத்த வேலை மதிப்பீட்டைக் கண்டாத்தான் தெரிஞ்சது அது கூரை மாத்தின வருஷம் எண்டு. கொழும்புக் கோட்டை டச்சு ஆசுப்பத்திரியைப் பாருங்க, ஆசுப்பத்திரியாக் கட்டினது, பொலிஸ் ஸ்டேஷனா இருந்தது, 1996 மத்திய வங்கிக் குண்டில சேதப்பட்டது, 2011ல கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாத் திறந்தது. அங்க இப்ப சாப்பிட வாற ஒருத்தருக்கு அந்தப் பொலிஸ் காலம் கண்ணில படாது, ஆனா அதுவும் அந்தக் கட்டடத்தின்ட வயசுதான். உங்கட கட்டடத்திலயும் வடிவில்லாத காலங்களை வெட்டாதீங்க, அஸ்பெஸ்டஸ் அடிச்ச காலத்தையும் பலகையால அறை பிரிச்ச காலத்தையும் எழுதுங்க, கனபேர் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிப்பிச்சது அந்தக் காலத்திலதான்.

எழுதி முடிச்சா பிரதி நாலு எடுங்க. ஒண்டு இப்ப அந்தக் கட்டடத்தில இருக்கிறவங்களுக்கு, ஒண்டு பொது நூலகத்துக்கு, ஒண்டு நூலகம் தளத்துக்கு ஸ்கேன் பண்ண. நாலாவதை நான் அந்தப் பியோன் ஐயாவின்ட மகளிட்டக் கொண்டுபோய்க் குடுத்தன். அவ கண்ணாடியைப் போட்டு, அப்பா வேலை செய்த வருஷங்கள் வாற பக்கத்தைத் தேடி எடுத்து, "மேல் மாடியில ஃபைல் அறைத் திறப்பு அப்பாட்டத்தான் இருந்தது, அதையும் எழுதியிருக்கலாம்" எண்டா. பென்சிலால ஓரத்தில எழுதிக் குடுத்திட்டு வந்தன்.